வெண்ணிற ஆடலும் ஹார்லெம் ஆடலரங்கமும்

பாலே எனப்படும் ஆடற்கலை இத்தாலிய அரசவைகளிலே தோன்றிப் பிரான்சு நாட்டிலே இலக்கணம் பெற்றது. தானே அரங்கேறி ஆடும் வேட்கையுடையவனாயிருந்த பதினான்காம் லூயி மன்னன் 1661 ஆம் ஆண்டில் அரச நடனக் கழகத்தை நிறுவினான். கால்களை வைக்கும் ஐந்து அடிப்படை நிலைகள் அவன் காலத்திலேதான் வகுக்கப்பட்டன. இன்றும் உருசியராயினும் யப்பானியராயினும் அக்கலையைப் பயில்வோர் அசைவுகளின் பெயர்களைப் பிரெஞ்சு மொழியிலேயே வழங்குகின்றனர். உருசியர் அக்கலையைத் தமதாக்கிக்கொண்டபோது அவர்க்கு அது பொருந்தாதென்று தடுத்தார் எவருமிலர். ஆனால் அமெரிக்காவிலே பிறந்து வளர்ந்த கறுப்பின இளைஞர் அதனைப் பயில விழைந்தபோது, அவர்தம் உடல் இக்கலைக்கு ஏற்றதன்று என்னும் விடையே நெடுங்காலம் கிடைத்தது. அவ்விடை எதனின்று எழுந்தது என்பதையும், ஹார்லெம் ஆடலரங்கம் என்னும் குழுவினர் அதற்கு மேடையிலே எவ்வாறு மறுமொழி கூறினர் என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பாரிசு நகர் ஒப்பரா அரங்கில் வாயுவிளக்குகள் ஏற்றப்பட்டன. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றமையால், நிலவொளி போன்ற மங்கலொளியிலே கானகக் காட்சிகளை அமைத்தல் எளிதாயிற்று. 1832 இல் 'லா சில்பீட்' என்னும் ஆடலும் 1841 இல் 'ஜிசெல்' என்னும் ஆடலும் அங்கே அரங்கேறின. மெல்லிய வெண்டுகிலுடுத்த மகளிர் ஆவியுருவினராய்த் தோன்றி ஆடும் இத்தகைய காட்சிகளைப் பிரெஞ்சு மொழியில் 'பாலே பிளாங்', அதாவது வெண்ணிற ஆடல் என்று அழைத்தனர். வெண்மை என்றது துகிலின் வெண்மையையும் நிலவின் வெண்மையையுமே. ஆயினும், இருபது முப்பது மகளிர் ஓருயிர்போல ஒத்து அசைதல் வேண்டும் என்னும் இலக்கணம், அவர் அனைவரும் ஒரே நிறத்தினராதல் வேண்டும் என்னும் எழுதாச் சட்டமாக மெல்ல மெல்லத் திரிந்தது. இடையில் ஒருத்தி கரியளாயின் காண்போர் கண் அவளிடத்தே சென்று வரிசையின் ஒருமை கெடும் என்றனர். பாதம் தட்டையானது, இடுப்புப் பருத்தது என்றெல்லாம் உடற்கூற்று நியாயங்களும் கூறப்பட்டன. இவையெல்லாம் அளந்தறிந்து கூறிய முடிபுகள் அல்ல. முடிபை முன்னரே வைத்துக்கொண்டு பின்னர்த் தேடிய காரணங்கள்.

இச்சட்டத்தின் கொடுமையை இரு பெண்களின் வரலாற்றாலறியலாம். யனற் கொலின்ஸ் என்பார் இளம்பருவத்திலே புகழ்பெற்ற ஒரு பாலேக் குழுவின் தேர்வுக்குச் சென்றார். ஆடல் நன்றென்றும், முகத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசிக்கொள்ள உடன்பட்டாற் சேர்த்துக்கொள்ளலாமென்றும் கூறினர். அவர் உடன்படாது திரும்பினார். 1951 இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒப்பராவிலே முதன்மை ஆடுநராயினார். றேவன் வில்கின்சன் என்பார் 1955 இல் ஒரு சுற்றுலாக் குழுவிற் சேர்ந்தார். அவர் நிறம் வெளிறியது. ஆதலின் சிலகாலம் வினா எழவில்லை. தென்மாநிலங்களில் உண்மை வெளிப்பட்டபின் அவர் உயிருக்கே அச்சம் நேர்ந்தது. ஈற்றில் 1967 இல் ஒல்லாந்துக்குச் சென்று அங்கேதான் தடையின்றி ஆடினார்.

ஆதர் மிற்செல் 1934 இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே பிறந்தவர். 1955 இல் நியூயோர்க் நகர பாலேக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவின் தலைவர் ஜோர்ஜ் பலஞ்சீன் உருசியாவிலே கல்வி பெற்ற ஜோர்ஜியர். 1957 இல் ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கு அவர் அமைத்த 'அகோன்' என்னும் ஆடலின் இணையாட்டத்தில் மிற்செல்லையும் டயனா அடம்ஸ் என்னும் வெள்ளையரையும் சேர்த்து ஆடவைத்தார். கரிய கையும் வெளிய கையும் பின்னிப் பிரிவதையே ஆடலின் அழகாக அமைத்தார் பலஞ்சீன். நிறவேறுபாட்டை மறைத்தல் வேண்டும் என்போர்க்கு இதனினும் நேரான மறுப்பு வேறில்லை. ஆனால் வணிகத் தொலைக்காட்சி நிலையத்தார் அவ்விணையாட்டத்தை 1968 வரையும் காட்டத் துணிந்திலர். மிற்செல் அக்குழுவின் முதன்மை ஆடுநருள் ஒருவராயினார்.

1968 ஏப்ரல் 4 ஆம் நாள் மாட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். பிறேசிலில் ஒரு பாலேக் குழுவை உருவாக்கும் பணியில் அக்காலத்தே ஈடுபட்டிருந்த மிற்செல், அச்செய்தி கேட்டபின், தாம் செய்யவேண்டிய பணி தாம் பிறந்த தெருவிலேயே உள்ளதெனத் துணிந்தார். தமது ஆசிரியரும் வெள்ளையருமான காரெல் ஷூக் என்பாரை ஒல்லாந்திலிருந்து அழைத்து, 1969 இல் இருவருமாய்ப் பள்ளியையும் குழுவையும் தொடக்கினர். முதலில் வந்த பிள்ளைகள் ஏறத்தாழ முப்பதின்மர். சில மாதங்களில் அத்தொகை நானூறாயிற்று. பழைய மோட்டார்க் கராச்சு ஒன்றிலே பாடம் நடந்தது. வெப்பந் தாங்காது கதவைத் திறந்துவைத்தமையால் தெருவிற் போவோர் நின்று பார்த்தனர். பார்த்தோர் தம் பிள்ளைகளைக் கொணர்ந்தனர். ஆண்பிள்ளைகள் இறுக்கமான காலுறை அணிய நாணியபோது, வெட்டிய காற்சட்டையோடு ஆட மிற்செல் இசைந்தார். இசைவு உடையளவிலேதான்; ஐந்து நிலைகளில் ஒன்றையேனும் அவர் தளர்த்தவில்லை.

இக்குழு நியூயோர்க்கில் முறைப்படி அரங்கேறியது 1971 சனவரியில், குகன்ஹைம் நூதனசாலையிலே. அதற்கு முந்திய வேனிலிலேயே, 1970 இல், அவர்களை வரவேற்ற இடம் ஒன்றுண்டு. மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பேர்க்சயர்க் குன்றுகளிடையே ஆண்டுதோறும் வேனிற்காலத்தில் நிகழும் 'ஜேக்கப்ஸ் பில்லோ' நடனவிழாவே அது. யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்துத் துயின்று, வானளாவிய ஏணியைக் கனவிற் கண்டான் என்னும் விவிலியக் கதை பலர் அறிந்ததே. மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை அவ்வேணியை நினைவூட்டியதாலும், அங்கே தலையணை போன்ற பாறையொன்று கிடந்ததாலும் ஒரு பண்ணைக்கு 'யாக்கோபின் தலையணை' என்று பெயராயிற்று. அடிமைமுறை நிலவிய நாளிலே தென்மாநிலங்களினின்றும் தப்பி வடக்கே சென்றோர்க்கு அப்பண்ணை மறைவிடமாயிருந்ததென அவ்விடத்தார் வழிவழியாகக் கூறுவர். அதனை வாங்கி நடனநிலையமாக்கியவர் ரெட் ஷோன் என்னும் ஆடற்கலைஞர். நடனத்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட அமெரிக்காவின் முதல் அரங்கு 1942 இல் அங்கே திறக்கப்பட்டது. பண்ணைக் களஞ்சியம் போன்ற அம்மர அரங்கின் பின்கதவைத் திறந்தால் மரங்களே திரையாக நிற்கும்.

ரெட் ஷோன் 1925, 1926 ஆம் ஆண்டுகளிலே தமது குழுவினருடன் கீழைநாடுகளிற் சுற்றியபோது இலங்கைக்கும் வந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாதது. தமது அரங்கில் எக்குலத்தார் ஆடலுக்கும் இடமுண்டு என்பதை அவர் செயலிலே காட்டினார். 1947 இல் பேர்ள் பிறைமஸ் என்னும் கறுப்பினக் கலைஞர் அங்கே ஆடினார். 1962 இல் அதே மேடையில் நம் பாலசரசுவதி பரதம் ஆடினார். ஹார்லெம் இளைஞர் வந்து நின்ற பலகைமேடை அத்தகையது. பட்டணத்துப் பெருஅரங்குகள் சீட்டு விற்பனையையும் பழைய பார்வையாளரின் மனநிலையையும் எண்ணித் தயங்கும்போது, வேனில் விழாவினர் துணிந்து புதியோரை அழைத்தல் கலை வரலாற்றிற் பலமுறை நிகழ்ந்ததே. மிற்செல்லின் குழுவுக்கும் அது நிகழ்ந்தது.

இனி அவர்கள் கூறிய மறுமொழியின் நுட்பத்தைக் காண்போம். பரதத்தில் அரைமண்டியில் முழங்கால்கள் புறம்நோக்கி விரிதல்போலப் பாலேயிலும் கால் இடுப்பு மூட்டிலிருந்தே புறம்நோக்கித் திருப்பப்படும். ஆயின் பரதம் நிலத்தைத் தட்டி ஒலியெழுப்பும். பாலேயோ நிலத்தைவிட்டு எழ முயலும். ஒற்றைக்காலின் விரல்நுனியில் நின்று மற்றைக்காலைப் பின்னே நீட்டும் 'அரபெஸ்க்' என்னும் நிலையில், முன்னே நீட்டிய கைவிரல் தொடங்கிப் பின்னே நீட்டிய கால்விரல் வரையும் ஒரே கோடு ஓடுவதாகத் தோன்றல் வேண்டும். அக்கோடே அந்நிலையின் அழகு. இளஞ்சிவப்புக் காலுறையும் அதே நிறச் சப்பாத்தும் வெள்ளையரின் தோலோடு இயைந்து அக்கோட்டைக் காத்தன. அவற்றையே கறுப்பினப் பெண் அணிந்தால், மேலுடல் ஒரு நிறமாகவும் கால்கள் வேறு நிறமாகவும் இடுப்பிலே கோடு முறிந்துபோம். காண்போர் குறைகூறியது உண்மையில் அவள் உடலையன்று. அவளுக்குப் பொருந்தாத காலுறையையே. 1974 இல் ஹார்லெம் குழுவினர் அதனை நீக்கி, ஒவ்வொருவர் தோலின் நிறத்துக்கும் ஒத்த காலுறையும் சப்பாத்தும் அணியலாயினர். கோடு மீண்டது.

சொல்லுதற்கு எளிதாயினும் இது செய்தற்கு எளிதன்று. விரல்நுனியில் நிற்க உதவும் சப்பாத்தின் முனை இரும்பாலோ மரத்தாலோ ஆனதன்று, துணியும் பசையும் அடுக்கடுக்காய் ஒட்டி உலர்த்தியது, மேலே பட்டுத்துணி. வியர்வையாற் பசை இளகிவிடுமாதலின், கடினமான ஆடலாயின் ஒரு சோடி ஓரிரவுக்கு மேல் நில்லாமையும் உண்டு. அவ்வொவ்வொரு சோடிக்கும் முகப்பூச்சுக் குழம்பைப் பஞ்சில் தோய்த்துப் பூசி உலர்த்தல் ஆடுவோரின் அன்றாட வேலையாயிற்று. இலண்டனிலுள்ள ஃபிறீட் என்னும் பெயர்பெற்ற சப்பாத்துக் கம்பனி, 'பாலே பிளாக்' என்னும் ஆங்கிலக் குழுவுடன் இணைந்து, கபில நிறச் சப்பாத்துகளைச் செய்து விற்கத் தொடங்கியது 2018 இலேதான்.

1984 இல் இலண்டனில் அரங்கேற்றிய 'கிறியோல் ஜிசெல்' மிற்செல்லின் மறுமொழிகளுள் தலையாயது என்பது என் கருத்து. மூலக்கதையிலே ஜிசெல் செருமானியச் சிற்றூர்ப் பெண்; குடியானவன்போல் வேடம்பூண்டு வந்த பிரபுவைக் காதலித்து, ஏமாற்றம் அறிந்து இறக்கின்றாள்; இறந்தபின் வெண்டுகில் ஆவியரோடு சேர்கின்றாள். அடவுகளை மாற்றினால் இது பாலே அன்று என்பர். மாற்றாது ஆடினால் செருமானியச் சிற்றூரில் இவர்க்கென்ன வேலை என்பர். மிற்செல் அடவுகளை அவ்வாறே வைத்துக்கொண்டு ஊரை மாற்றினார். 1840 களின் லூயிசியானாவில் விடுதலைபெற்ற கறுப்பினத்தார் சமூகமொன்று இருந்தது. அடிமைத்தளையினின்று எத்தனை தலைமுறை விலகினார் என்பதே அங்கே குடிப்பெருமைக்கு அளவு. பிரபுவுக்கும் சிற்றூர்ப் பெண்ணுக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வு இங்கே கதைக்கு வேண்டிய அத்தனை கூர்மையோடும் கிடைத்தது. இரண்டாம் அங்கத்திலே கரிய மகளிர் நிலவொளியில் வெண்டுகிலுடுத்து வரிசையாய் நின்றபோது, வெண்மை துகிலுக்கே உரியது என்பது கட்கூடாயிற்று. ஜிசெல்லாக ஆடியவர் வேர்ஜினியா ஜோன்சன்.

கறுப்பினத்தார்க்கெனத் தனிக்குழு அமைத்தல் பிரிவினையை மீண்டும் நாட்டுவதன்றோ என வினவினோர் உளர். மிற்செல்லின் குழுவிலே பிற இனத்தாரும் ஆடியுள்ளனர் என்பது ஒருபுறமிருக்க, பிற கதவுகள் எத்துணை மெல்லத் திறந்தன என்பதையும் எண்ணல் வேண்டும். 1940 இல் முதன்முதல் மேடையேறிய அமெரிக்க பாலே அரங்கம் கறுப்பினப் பெண்ணொருவரை முதன்மை ஆடுநராக்கியது 2015 இலே. அவர் மிஸ்ரி கோப்லன்ட். இடைப்பட்ட காலத்தே வினவியோரின் வாயில்கள் திறந்திருந்தால் ஹார்லெம் கராச்சுக்குத் தேவையே இராது.

பணமுடை இக்குழுவை விடவில்லை. கடன்சுமையால் 2004 இல் ஆடற்குழு நிறுத்தப்பட்டது. பள்ளி மட்டும் நடந்தது. எட்டாண்டு கழித்து, 2012 இல், குழு மீண்டெழுந்தது. மிற்செல் 2018 செப்தெம்பரில் மறைந்தார். அடுத்த வேனிலில், குழுவின் ஐம்பதாம் ஆண்டிலே, அவர்கள் மீண்டும் பேர்க்சயர்க் குன்றேறி அதே விழாவில் ஆடினர். அப்போது கலைத்தலைவராயிருந்தவர், மாணவியாயிருந்த நாளிலே உன் நிறத்தினர்க்குப் பாலேக் குழுவில் இடமில்லை என்று சொல்லப்பெற்ற வேர்ஜினியா ஜோன்சனே. 2023 இல் அவர் விலக, அக்குழுவிலேயே ஆடி ஆடலமைப்பாளராக உயர்ந்த றொபேட் காலன்ட் அப்பொறுப்பை ஏற்றார்.