பல்லவி பழையது, பாட்டு புதியது

"இப்போது வருவதெல்லாம் பாட்டா? வெறும் இரைச்சல்!" என்று பெரியவர்கள் குறைபடுவதுண்டு. "உங்கள் பாட்டைக் கேட்டால் தூக்கம்தான் வருகிறது" என்று பிள்ளைகள் பதில் சொல்வதுண்டு. செம்பனையும் ரப்பரும் சூழ்ந்த சாஆ வட்டாரத்திலும் இந்த வழக்கு நடக்காத வீடு குறைவு. ஆனால் இரு தரப்பாரும் சில வேளைகளில் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

2006-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கலைஞர்களான யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டனர். அதிலுள்ள 'மடை திறந்து' தமிழ்நாட்டிலும் புகழ் பெற்றது. அதன் வேர் எங்கே? 1980-இல் பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' படத்தில். வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு அது. வாய்ப்புக்குக் காத்திருக்கும் ஓர் இளம் இசைக்கலைஞனின் கனவே அதன் பொருள். தமிழ்ச் சொல்லிசைக்கு மேடை தேடிய இளைஞர்கள் அதை எடுத்தாண்டது மிகப் பொருத்தம்.

சரி, பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது? நம் கீர்த்தனைகளில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு உண்டு. திரைப்பாட்டு பல்லவியையும் சரணத்தையும் வைத்துக்கொண்டு, நடுவே வாத்திய இசையைச் சேர்த்தது. ராப் பாடகர்கள் என்ன செய்தார்கள்? மனத்தில் நிற்கும் பல்லவியை வைத்துக்கொண்டு, சரணத்தின் இடத்தில் தாளத்தோடு வேகமாகப் பேசினார்கள். வீடு பழையது, அறைகள் புதியவை.

இந்த ராப் கலை 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது. 1973-இல் கூல் ஹெர்க் என்பவர் ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரண்டு கருவிகளில் சுழலவிட்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டினார். அதன்மேல் சொற்கள் ஏறின.

தாளத்தில் சொல்லை அடுக்குவது நமக்குப் புதிதா? இல்லை. நாட்டியத்தின் சொற்கட்டு, கொன்னக்கோல், தெருக்கூத்து எல்லாம் அந்த வழியில் வந்தவையே. தோட்டத்துத் திருவிழாவில் தப்பும் உறுமியும் முழங்கும்போது நம் கால்கள் தாமாகவே ஆடுவதும் அதனால்தான்.

ஆனால் ஒரு கவலை உண்டு. 'நிழல்கள்' பாட்டு இசைத்தட்டில் இருந்ததால்தான் இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் பிள்ளைகள் கையில் கிடைத்தது. நம் பாட்டிமார் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் எந்தத் தட்டில் இருக்கின்றன? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணம் போய்விட்ட பின் அவற்றை யார் பாடுவார்?

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளின் பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். பிள்ளைகளே, பாட்டியின் பாட்டைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நாளைய புதுப் பாட்டுக்கு அதுவே பல்லவியாகலாம்.