ஈவுத்தொகை வருவாய் வீதம்

ஈவுத்தொகை வருவாய் வீதம் என்பது ஒரு பங்கிற்கு ஓராண்டில் வழங்கப்படும் ஈவுத்தொகையை அப்பங்கின் சந்தை விலையின் விழுக்காடாகக் கூறுவதாகும். இந்திய நிறுவனங்கள் ஈவுத்தொகையை முகமதிப்பின் விழுக்காடாகவும் அறிவிப்பதுண்டு, இவ்விரண்டும் வெவ்வேறானவை.

எடுத்துக்காட்டு

தூத்துக்குடியில் 1921 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2023-24 நிதியாண்டுக்கு 100% ஈவுத்தொகை வழங்கியது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். ஆகவே ஒரு பங்கிற்குக் கிடைத்தது 10 ரூபாய். 2022 பொது வெளியீட்டில் 510 ரூபாய்க்குப் பங்கு பெற்றவருக்கு இது ஏறத்தாழ 2% மட்டுமே.

வரம்புகள்

வைப்புநிதி வட்டியைப் போல ஈவுத்தொகை உறுதியானதன்று. பங்கின் விலை வீழ்ந்தாலும் இவ்வீதம் உயரும். கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான பிசிஇ-யின் வீதம் 2025 தொடக்கத்தில் 10% ஐத் தாண்டியிருந்தது; அவ்வாண்டு மே மாதத்தில் அதன் ஆண்டு ஈவுத்தொகை 3.99 டாலரிலிருந்து 1.75 டாலராகக் குறைக்கப்பட்டது. எனவே நிறுவனத்தின் இலாபம், கடன் ஆகியவற்றையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.