நைல் நதிக்கரையில் மார்கழி வெயில்: இதய நோயாளிகளுக்கான எகிப்துப் பயணத் திட்டம்

புரட்டாசி பிறந்துவிட்டால் இதய நோய்ப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இலண்டனிலோ டொராண்டோவிலோ பணிபுரியும் மகனோ மகளோ டிசம்பர் விடுமுறைக்குப் பெற்றோரை எகிப்துக்கு அழைக்கின்றனர். அங்கிருந்து வருபவர்களுக்குக் குளிரிலிருந்து விடுபட்டுச் சில நாள் வெயில் காய வேண்டும். இங்கிருந்து செல்பவர்களுக்குப் பள்ளிப் பாடநூலில் கண்ட பிரமிடை நேரில் காணும் ஆசை. இரண்டும் ஒரே நாட்டில் கிடைக்கின்றன. ஆனால் தந்தைக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அல்லது தாய்க்கு நீரிழிவோடு இதயத் தளர்ச்சியும் இருக்கிறது. "போகலாமா, கூடாதா?" என்று கேட்கின்றனர்.

பெரும்பாலோருக்கு விடை "போகலாம்" என்பதே. எனினும் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டு விமானச்சீட்டு வாங்கச் செல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த எகிப்துக்குப் போகிறோம் என்பதே உண்மையான கேள்வி. வழக்கமான எட்டு நாள் சுற்றுலாவில் முதல் ஆறு நாளும் விடியலுக்கு முன் எழுந்து, கோயில் கோயிலாக நடந்து, கல்லறை கல்லறையாக இறங்கி ஏறவேண்டும். கடைசி இரண்டு நாளே செங்கடற்கரையில் ஓய்வு. நலமாக உள்ளவருக்கு இது பொருந்தலாம். இதய நோயாளிக்கு ஓய்வு என்பது களைத்தபின் தரும் பரிசன்று. அதுவும் மருந்தைப் போல நாள்தோறும் அளந்து தரவேண்டியது. ஆகவே ஒரு நாள் தொன்மை, மறுநாள் வெயில் என மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளும் பத்து அல்லது பன்னிரண்டு நாள் திட்டத்தையே நான் பரிந்துரைக்கிறேன். பார்க்கும் இடங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். குறையட்டும்.

மாரடைப்போ பைபாஸ் அறுவைச் சிகிச்சையோ நிகழ்ந்து மூன்று மாதம் நிறைவடையாதவர்கள் இத்தகைய இன்பப் பயணத்தைத் தள்ளிவைப்பது நன்று என்பது என் நிலைப்பாடு. விமானத்தில் ஏற அதற்கு முன்பே அனுமதி கிடைக்கக்கூடும். ஆனால் இருக்கையில் அமர்ந்திருப்பது வேறு, பாறைச் சரிவில் ஏறுவது வேறு. படுத்தால் மூச்சு முட்டுபவர்கள், ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவர்கள், அண்மையில் மருந்தின் அளவு அடிக்கடி மாற்றப்பட்டவர்கள் முதலில் உடல்நிலை சீராகும்வரை காத்திருக்க வேண்டும். ஏனையோர் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல், நெஞ்சு இறுக்கமோ கடும் மூச்சிரைப்போ இன்றி ஏற முடிகிறதா? முடியுமெனில் கீழே சொல்லப்போகும் பெரும்பாலான இடங்களை நிதானமாகக் காணலாம். முடியாவிட்டாலும் பயணம் கைவிடப்பட வேண்டியதில்லை. இடங்களின் பட்டியல்தான் மாறும். புறப்பாட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டால் ஈ.சி.ஜி., எக்கோ, தேவையெனில் டிரெட்மில் சோதனை, இன்ஃபுளூயன்சா, நிமோனியா, டைபாய்டு தடுப்பூசிகள் ஆகிய அனைத்துக்கும் காலம் இருக்கும்.

டிசம்பர், சனவரி மாதங்களில் தெற்கு எகிப்தின் லக்ஸர் நகரில் பகல் வெப்பம் 22 முதல் 24 டிகிரி செல்சியஸ். இரவில் 6 முதல் 8 டிகிரிவரை இறங்கிவிடும். மழை அநேகமாகக் கிடையாது. அஸ்வான் சற்றே கூடுதல் வெதுவெதுப்பானது. ஆகவே இரவுக்கும் விடியலுக்கும் கொடைக்கானல் குளிரை எதிர்பார்த்து உடை எடுத்துச் செல்ல வேண்டும். குளிர்காற்று இரத்தக்குழாய்களைச் சுருக்கும். நெஞ்சுவலி உள்ளவருக்கு விடியற்காலை நடை உகந்ததன்று. காலை ஒன்பது மணிக்குமேல் புறப்படுவதால் எந்தக் கோயிலும் ஓடிவிடாது.

பகல் வெயில் நம்மை வேறு விதத்தில் ஏமாற்றும். சென்னையில் வாழ்பவர்கள் வெப்பத்தை வியர்வையால் அளக்கப் பழகியவர்கள். பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்குவதற்கு முன்பே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் உடல் நீரை இழக்கவில்லை என்று எண்ணிவிடுகிறோம். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இதனால் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து, எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். இதயத் தளர்ச்சிக்காக நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று வரையறுக்கப்பட்டவர்கள், அந்த வரையறையைப் பயணக் காலத்துக்கு மாற்றவேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

வெயிலையும் தொன்மையையும் இணைக்கும் இந்த ஆசை புதிதன்று. ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரு காலத்தில் நுரையீரல் நோயாளிகளைக் குளிர்காலம் கழிக்க நைல் கரைக்கு அனுப்பினர். கார் விபத்தில் உடல் நலிந்த இங்கிலாந்துப் பிரபு கார்னர்வன் அவ்வாறு எகிப்துக்கு வந்தவரே. வந்த இடத்தில் அகழாய்வில் ஈடுபாடு கொண்டு, ஹோவர்ட் கார்ட்டருக்குப் பொருளுதவி புரிந்தார். 1922 நவம்பரில் துட்டன்காமுன் கல்லறை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று அவர் கெய்ரோவில் இறந்தார். மம்மியின் சாபம் என்று உலகம் பேசியது. உண்மையில் கொசு கடித்த இடம் முகச்சவரத்தின்போது கீறுபட்டுச் சீழ்ப்பிடித்து, இரத்தத்தில் நஞ்சேறி, நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. நோய்நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. இன்று மருந்துகள் இருப்பினும், நீரிழிவாளரின் காலில் ஏற்படும் சிறு கொப்புளத்தை நான் இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தே பார்ப்பது வழக்கம். புதுக் காலணியைப் பயணத்தன்று முதன்முதலாக அணியாதீர்கள். மசூதிகளில் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். தடித்த காலுறை உடனிருக்கட்டும். இரவுதோறும் பாதத்தை விளக்கொளியில் பார்ப்பது உடன் செல்பவரின் பணி.

இனி, அரசர்களின் பள்ளத்தாக்கு. நுழைவிடத்திலிருந்து கல்லறைகள்வரை மின்வண்டி செல்கிறது. அதன்பின் எந்தக் கல்லறைக்குள் இறங்குவது என்பதை ஆவலால் அன்றி இதயத்தின் வலிமையால் முடிவு செய்ய வேண்டும். நான்காம் ராம்செஸின் கல்லறை அகலமானது, சரிவு மிகக் குறைந்தது; முதியோருக்கு இதைவிட உகந்தது இல்லை. துட்டன்காமுனுடையது சிறியது, கார்ட்டர் கண்டெடுத்த 16 படிகளும் அதனையடுத்த ஒரு சரிவுப் பாதையும்தான். அரசனின் உடல் இன்றும் அங்கேயே உள்ளது. ஆறாம் ராம்செஸின் கல்லறை நீளமானது, ஆனால் சரிவு தாங்கக்கூடியது. கூரை ஓவியங்களுக்காகவே அந்த நடையை மேற்கொள்ளலாம். மூன்றாம் துட்மோசின் கல்லறையோ பள்ளத்தாக்கின் தரையிலிருந்து உயரத்தில், பாறைப் பிளவில் அமைந்தது. செங்குத்தான படிகளில் முதலில் ஏறி, பிறகு அதே அளவு உள்ளே இறங்க வேண்டும். முதலாம் சேத்தியின் கல்லறையும் ஆழமானது. இவ்விரண்டையும் என் நோயாளிகளுக்கு நான் அனுமதிப்பதில்லை. கல்லறைகளில் எப்போதும் இறங்குவது முதலில், ஏறுவது பிறகு வருகிறது. உள்ளே காற்றோட்டம் குறைவு, வெக்கையும் மிகுதி. களைத்த நிலையில்தான் கடினமான பகுதியைக் கடக்க நேரிடும் என்பதை இறங்கும் முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும். கீசாவின் பெரிய பிரமிடுக்குள் செல்வதும் இத்தகையதே. குனிந்தவாறே ஏறும் குறுகிய பாதை, பின்னால் வருவோரின் நெரிசல், புழுக்கம். நெஞ்சுவலி, ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளோர் அதை வெளியே நின்று காண்பதே போதும். அதன் அழகு முழுவதும் வெளியில்தான் உள்ளது.

இதற்கு மாறாகக் கர்னாக் கோயில் சமதளம். 134 பெருந்தூண்கள் நிற்கும் மண்டபத்தில் நிழலும் உண்டு. இரண்டு மணி நேரத்தை நின்றும் அமர்ந்தும் கழிக்கலாம். ஹட்ஷெப்சுட் அரசியின் கோயிலில் சாய்தளங்கள் உள்ளன. ஆனால் சுண்ணாம்புப் பாறையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் கறுப்புக் கண்ணாடியை மறவாதிருக்க வேண்டும். கீசாவில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் துட்டன்காமுனின் 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. சக்கர நாற்காலியிலேயே சுற்றிப் பார்க்க முடியும் என்பதால் கல்லறைக்குள் இறங்க இயலாதவர்கள் இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாம்.

லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே படகுவீட்டைப் போன்ற பயணக் கப்பலில் செல்வது நல்ல ஏற்பாடு. பெட்டிகளைத் தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை. மேல்தளத்தில் அமர்ந்தால் வெயிலும் ஆறும் தாமே வந்து சேரும். மின்தூக்கி உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பல கப்பல்களில் இல்லை. கரையில் கப்பல்கள் பக்கம் பக்கமாக நிறுத்தப்படுவதால் ஒன்றன் வழியே மற்றொன்றுக்குப் பலகைப் பாலத்தில் நடக்கவும் நேரும். ஆற்றைக் கண்டால் காலை நனைத்துத் தலையில் நீர் தெளித்துக்கொள்வது நம் மரபு. நைலில் அது வேண்டாம். நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி ஒன்று நன்னீரிலிருந்து தோலைத் துளைத்து உடலுள் நுழையக்கூடியது.

அபு சிம்பெல் கோயில் அஸ்வானிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். அணை நீரில் மூழ்காதிருக்க 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அடுக்கப்பட்ட அக்கோயிலைக் காணாமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் அதிகாலைப் பேருந்தில் செல்லும்போது ஒரு தவறு பரவலாக நிகழ்கிறது. வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சி, நோயாளிகள் நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடுகின்றனர், மறுநாளும் விடுகின்றனர், மூன்றாம் நாள் கால் வீங்குகிறது, இரவில் மூச்சு முட்டுகிறது. மாத்திரையை விடவேண்டாம், நேரத்தை மாற்றலாம். காலை வேளைக்குரியதைத் திரும்பியபின் பிற்பகலில் உட்கொள்ள உங்கள் மருத்துவர் அனுமதிப்பாரா என்று கேளுங்கள். விமானத்தில் செல்வதும், அங்கேயே ஓர் இரவு தங்குவதும் இன்னும் நல்ல வழிகள்.

லக்ஸரிலிருந்து ஹுர்காதா கடற்கரை சாலை வழி சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து தெற்கே உள்ள குசைரை அடுத்த பழந்துறைமுகத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் வணிகர்கள் வந்திறங்கிய கரையில் சாய்வு நாற்காலியிட்டு அமர்ந்திருப்பதும் தொன்மையைக் காண்பதே. அமியோடரோன், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளை உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் சிவந்து எரியும்; அவர்கள் நிழலில் அமரட்டும்.

மருந்துகளை இரண்டு பங்காக்கி, இரண்டு பேரின் கைப்பைகளில் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் செல்லும் பெட்டியில் இன்சுலினை வைத்தால் உறைந்து கெடக்கூடும். குளிர்காலத்தில் எகிப்தின் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. இங்கு இரவு ஒன்பது மணிக்கு இன்சுலின் போடுபவருக்கு அங்கு அது மாலை ஐந்தரை. அதை எப்படி மாற்றுவது என்பதைக் கைப்பட எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துகளின் பொதுப்பெயர்கள், கடைசி ஈ.சி.ஜி., பேஸ்மேக்கர் அட்டை ஆகியவற்றின் நகல்களைக் கைபேசியிலும் தாளிலும் வைத்திருங்கள். வலிக்கு டிரமடால் உட்கொள்வோர் கவனிக்க: எகிப்தில் அது கடுங்கட்டுப்பாட்டுக்குரியது. அதனைக் கொண்டு சென்ற வெளிநாட்டுப் பயணிகள் சிறைத்தண்டனை பெற்றதுண்டு. மாற்று மருந்தைப் புறப்படும் முன்பே கேட்டுப் பெறுங்கள்.

குழாய்நீர், பனிக்கட்டி, பச்சைக் காய்கறிக் கலவை ஆகியவற்றைத் தவிர்த்து, சூடாகப் பரிமாறப்படுவதை உண்ணலாம். அரிசி, பருப்பு, மக்ரோனி மூன்றும் சேர்ந்த கோஷரி நம் நாவுக்குப் பிடிக்கும். நீரிழிவாளர் அரைத்தட்டோடு நிறுத்திக்கொள்க. வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் முதல் மருந்து. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையானால் நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றில் எவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள். ஸ்டென்டுக்காகத் தரப்பட்ட இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளையும் இன்சுலினையும் தாமாக நிறுத்தக் கூடாது. செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் உட்கொள்வோர், நம்மவர் கேளாமலே விழுங்கும் மெட்ரோனிடசோலைத் தொடவே வேண்டாம். இரத்தக் கசிவு ஏற்படும் அளவுக்கு அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும்.

பயணக் காப்பீட்டில் உள்ள நோயை மறைப்பது சிக்கனமாகத் தோன்றலாம். மறைத்த நோய்க்காகவே மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அந்தப் பத்திரத்தால் பயனில்லை. எகிப்தில் ஆம்புலன்ஸுக்கு 123. நெஞ்சுவலி வந்தால் உட்கார்ந்து, நாக்கின் அடியில் மாத்திரை வைத்து, ஐந்து நிமிடத்தில் தணியாவிடில் அந்த எண்ணை அழைக்க வேண்டும். அறைக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதிக்கலாகாது.

உடன் செல்பவரைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டு முழுதும் மாத்திரைப் பெட்டியோடு வாழும் மனைவிக்கோ மகளுக்கோ இப்பயணத்தில் குறைந்தது ஒரு முழு நாள் சொந்தமாக வேண்டும். நோயாளி கப்பல் தளத்தில் மகனோடு அமர்ந்திருக்க, அவர் தனியே மூன்றாம் துட்மோசின் படிகளில் ஏறி இறங்கி வரட்டும். இதைத் திட்டத் தாளில் தேதியிட்டு எழுதிவிடுங்கள்; எழுதாவிட்டால் நடக்காது.

ஊர் திரும்பியதும் வார்ஃபரின் உட்கொள்வோர் முதல் வாரத்திலேயே ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத் தளர்ச்சி உள்ளோர் மறுநாள் காலை எடை பார்க்கட்டும். இரண்டு கிலோவுக்குமேல் கூடியிருந்தால் அடுத்த முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்காலில் வலியோ தோன்றினாலும், அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும், எகிப்து சென்று வந்ததை முதலில் சொல்லுங்கள்.