முதுகுக்குப் பின்னால் எஞ்சின்!

கணவர் ஒரு நாள், "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாமென்று பார்க்கிறேன்" என்று மெள்ள ஆரம்பித்தால், அமெரிக்க இல்லத்தரசி உடனே தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "எந்த வருஷத்து வண்டி?" என்று ஒரே ஒரு கேள்வி போட்டால் போதும். விஷயம் அதில்தான் இருக்கிறது.

1980-களில் பிறந்த இரண்டு வண்டிகளைப் பாருங்கள். ஒன்று, அமெரிக்காவின் பான்டியாக் ஃபியரோ. மற்றது, ஜப்பானின் டொயோட்டா எம்.ஆர்.2. இரண்டும் 1983, 84-ல் அடுத்தடுத்து வந்தவை. இரண்டிலும் இருவர்தான் உட்காரலாம். எஞ்சினோ முன்னால் இல்லை. உட்காருகிறவரின் முதுகுக்குப் பின்னால்! பாரம் நடுவில் இருப்பதால் வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும்.

டொயோட்டாக்காரர்கள் தங்கள் கரோலா குடும்பத்தின் 1.6 லிட்டர் எஞ்சினை எடுத்து எம்.ஆர்.2-இல் வைத்தார்கள். முதல் நாளிலிருந்தே வண்டி பிரமாதம். (பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் ஒரு கெட்ட வார்த்தைபோல ஒலித்ததால், அங்கே மட்டும் '2'-ஐ வெட்டி விட்டார்கள்!)

ஃபியரோவின் கதை வேறு. கையில் பணம் போதாமல், தங்கள் சாதாரண கார்களின் உறுப்புகளையே சேர்த்துக் கட்டினார்கள். பார்க்க ராஜகுமாரி, உள்ளே இரவல் நகை. அது போதாதென்று 1984-ம் வருஷத்து வண்டிகளில் சில தீப்பிடித்தன. எஞ்சினுக்குள் எண்ணெய் குறைந்தால் கனெக்டிங் ராடு முறியும்; மிச்ச எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயின் மேல் கொட்டும். கேட்க வேண்டுமா?

கம்பெனியார் மெதுவாகத் திருத்திக்கொண்டார்கள். 1985-ல் ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. 1988-ல் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் புதிதாகச் செய்தார்கள். வண்டி கடைசியில் தேறி விட்டது. அந்த வருஷமே அதை நிறுத்தியும் விட்டார்கள்! மொத்தம் சுமார் 3,70,000 ஃபியரோக்களில் 1988-ம் வருஷத்தவை 26,000 சொச்சந்தான். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அவற்றைத்தான்.

என்னைக் கேட்டால், ஓட்டுவதற்கு ஜப்பான் வண்டியே மேல். ஆனால் அதற்கு ஒரு வியாதி: துரு. பின் சக்கரத்தின் மேல் வளைவையும் கதவுக்கு அடியிலுள்ள பாகத்தையும் அரித்துத் தின்றுவிடும். விற்கிறவர் அங்கே பட்டி பூசி, வர்ணம் அடித்து, கண்ணாடிபோல் வைத்திருப்பார். கையில் ஒரு சிறு காந்தம் கொண்டு போனால் குட்டு வெளிப்படும். பட்டியில் அது ஒட்டாது.

ஃபியரோவிடம் காந்த வித்தை பலிக்காது. அதன் மேல் தகடுகள் பிளாஸ்டிக்! கழற்றி மாட்டுவது எளிது என்பதால், அவற்றை எடுத்துவிட்டு இத்தாலியப் பெராரியின் வேஷம் போட்டு உலவவிட்டவர்கள் அநேகர். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, உள்ளேயுள்ள இரும்புக் கூடு பிடிக்கும். ஆகவே கணவரையே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான். சட்டை அழுக்கானால் துவைத்துக் கொள்ளலாம்.