செஸ்டர்பீல்டின் கோணல் கோபுரம்

லண்டனிலிருந்து வடக்கே ஷெபீல்ட் நகரத்துக்கு ரயிலில் போகிறவர்கள், செஸ்டர்பீல்ட் ஸ்டேஷன் நெருங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்புவது வழக்கம். வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு மாதா கோவில் கோபுரம் தெரியும். முதல் தடவை பார்ப்பவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்ப்பார். ஈரத் துணியைப் பிழிந்தது போல் முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது அந்தக் கோபுரம்!

டெர்பிஷயர் வட்டாரத்தில் உள்ள இந்தத் தேவாலயத்துக்குப் புனித மரியாள், சகல புனிதர்கள் ஆலயம் என்று பெயர். மேற்றிராணியார் வீற்றிருக்கும் பேராலயம் அல்ல. ஊர் மக்களின் பங்குக் கோவில்தான். ஆனாலும் டெர்பிஷயரில் இதைவிடப் பெரிய மாதா கோவில் கிடையாது. 13, 14-ம் நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாகக் கட்டப்பட்டது. மேலேயிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். சிலுவையின் இரு கட்டைகளும் சந்திக்கும் இடத்தில் சதுரமான கல் கோபுரம். அதன் தலையில் ஓக் மரத்தால் செய்த எட்டுப் பட்டைக் கூம்பு. கூம்பின் நுனி தரையிலிருந்து 228 அடி உயரத்தில் இருக்கிறது.

அந்தக் கூம்பில்தான் வினை. அடியிலிருந்து நுனிக்குள் 45 டிகிரி திரும்பியிருக்கிறது. நுனி இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஒன்பதரை அடி விலகி நிற்கிறது.

சாத்தானுக்கு லாடம்

இப்படி ஒன்று கண் முன்னால் நின்றால் ஊரார் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பக்கத்துப் போல்சோவர் ஊர்க் கொல்லன் ஒருவன் சாத்தானின் காலுக்கு லாடம் அடித்தானாம். ஆணி சதையில் ஏறிவிட்டது. வலி பொறுக்காமல் துள்ளிப் பறந்த சாத்தான், செஸ்டர்பீல்டைத் தாண்டும்போது கோபுரத்தை உதைத்துவிட்டுப் போனானாம்.

இன்னொரு கதை கொஞ்சம் குறும்பு. கற்பு மாறாத கன்னிப்பெண் ஒருத்தி அங்கே திருமணத்துக்கு வந்தாளாம். அதிசயப்பட்ட கோபுரம் திரும்பிப் பார்த்ததாம். அடுத்த கன்னி வரும்போது நிமிர்ந்துகொள்ளுமாம். ஊரார் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்கிற கதை இது. வேறு ஊர்க்காரர் சொன்னால் சண்டைதான் வரும்!

ஆசாரிகள் எங்கே போனார்கள்?

கதைகளை விடுவோம். கூம்பு எழுந்தது ஏறக்குறைய 1362-ம் ஆண்டில். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1348-ல், இங்கிலாந்தில் கொள்ளை நோய் கரையேறியது. "கறுப்புச் சாவு" என்று சரித்திரம் சொல்லும் பிளேக்தான் அது. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டார்கள். பாதிப் பேர் என்று கணக்கிடுகிறவர்களும் உண்டு. செத்தவர்களில் தச்சர்களும் கொத்தர்களும் இருந்தார்கள். தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போக வேண்டிய தொழில் நடுவிலே அறுந்துபோனது. செஸ்டர்பீல்ட் கூம்பின் உள்ளே போதுமான குறுக்குச் சட்டங்கள் கொடுக்கப்படவில்லை என்று நிபுணர்கள் சொல்வதற்கு, தேர்ந்த கை இல்லாமல் போனதே காரணமாக இருக்கலாம்.

ஆள் குறைந்தால் கூலி ஏறும். ஏறியது. நிலப்பிரபுக்கள் அலறினார்கள். மன்னர் மூன்றாம் எட்வர்ட் ஆட்சியில், 1351-ல், தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. கொள்ளை நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. தலைமைத் தச்சருக்கு நாளொன்றுக்கு 3 பென்னி, மற்றத் தச்சருக்கு 2 பென்னி. அதிகம் கேட்டவருக்குத் தண்டனை. குளிர்காலத்தில் ஓர் ஊரில் இருந்தவர், அங்கே வேலை இருக்கும்போது கோடையில் வேறு ஊருக்குப் பிழைக்கப் போகவும் கூடாது!

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில வட்டாரத்து மக்கள் மட்டும் ஆகஸ்ட் மாத அறுவடைக்கு வெளியூர் போய், உழைத்து, பத்திரமாகத் திரும்பி வரலாம். அந்தப் பட்டியலில் டெர்பிஷயரும் இருக்கிறது. காலங்காலமாக வெளியூருக்குக் கூலிக்குப் போய் வந்த சனங்கள் அவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இந்தச் செய்தி புதிதாகத் தோன்றாது.

பச்சை மரமும் காரீயமும்

கூம்புக்கு வெட்டிய ஓக் மரம் காயாத பச்சை மரம். இதை அந்தத் தச்சர்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. ஆகவே பச்சையாக இருக்கும்போதே இழைத்துப் பூட்டுவது அந்தக் காலத்து வழக்கம். நல்ல குறுக்குச் சட்டங்கள் இருந்தால் மரம் காயும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இங்கே அந்தப் பிடி போதவில்லை.

அதன் மேல் ஏறியது 33 டன் காரீயத் தகடு. டெர்பிஷயர் மலைகளில் காரீயச் சுரங்கங்கள் நிறைய இருந்தன. அதனால் தகட்டுக்குப் பஞ்சமில்லை. வெயில் படும் தெற்குப் பக்கத் தகடு நிழலில் இருக்கும் வடக்குப் பக்கத்தைவிட அதிகமாக விரியும். பாரம் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், உள்ளே காய்ந்து வளையும் மரம் ஒரு பக்கம். கூம்பு மெல்ல மெல்லத் திரும்பியது. தகடுகளை மீன் முள் போலச் சாய்த்துப் பதித்திருப்பதால் முறுக்கு கண்ணுக்கு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

முறுக்கிய கோபுரங்கள் ஐரோப்பாவில் வேறு இடங்களிலும் உண்டு, பிரான்சில் அதிகம். ஆனால் இவ்வளவு உயரத்தில் இவ்வளவு கோணலாக நிற்பதால் செஸ்டர்பீல்டுக்குத் தனிப் புகழ். ஊர்க் கால்பந்துக் குழுவுக்கே "ஸ்பைரைட்ஸ்", அதாவது கூம்புக்காரர்கள், என்றுதான் செல்லப் பெயர்.

தப்பிய இரவு

1961 டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். ஆலயத்தின் வடக்குச் சிறகில் தீப்பற்றியது. 1756-ல் ஜான் ஸ்னெட்ஸ்லர் என்ற புகழ்பெற்ற கைவினைஞர் செய்து கொடுத்த ஆர்கன் வாத்தியம் சாம்பலானது. வடக்குச் சிறகை ஒட்டி எழும்புவதுதான் கோபுரம். உச்சியில் அறுநூறு வருஷம் காய்ந்த ஓக் மரம். ஒரு பொறி போதும். தீயணைக்கும் படையினர் போராடித் தீயைக் கூம்புக்கு எட்டவிடாமல் மடக்கினார்கள்.

எரிந்த ஆர்கனுக்குப் பதிலாக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மண்டபத்திலிருந்து ஒரு பழைய ஆர்கனைக் கொண்டுவந்து வைத்தார்கள். கோபுரத்தின் மேலே ஏறிப் பார்க்கவும் ஆட்களை அழைத்துப் போகிறார்கள். படி ஏறி மேலே போனால் கூம்பின் உள்பக்கம் தெரியும். பெயர் தெரியாத அந்தத் தச்சர்கள் பூட்டிய உத்தரங்களை அங்கே நின்று பார்க்கலாம்.