சிடி பிளேயரா, மியூசிக் சர்வரா? காசைக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



மாசச் சம்பளம் 35,000 ரூபாய். அப்பா பல வருஷமா வாங்கிச் சேர்த்த 200 சிடி அலமாரியில் இருக்கு. பழைய பிளேயர் பழுதாகிப் போச்சு. கடையில் கேட்டா, "30,000 ரூபாய்க்கு நல்ல சிடி பிளேயர் இருக்கு சார், இஎம்ஐ போட்டுக்கலாம்" என்கிறார்கள். நண்பரோ, "எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி மியூசிக் சர்வர் போட்டுடுடா" என்கிறார். இப்படி ஒரு நிலையில் நீங்க இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம் சம்பந்தப்பட்ட முடிவு இது. கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

சத்தத்தில் வித்தியாசம் இருக்கா?

1982-ல் சிடி விற்பனைக்கு வந்தபோது இருந்த அளவுதான் இன்னைக்கும்: விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட். சிடியைச் சரியாக ரிப் செய்து 'ஃபிளாக்' ஃபார்மேட்டில் சேமித்தால், இந்தத் தகவல் எதுவும் குறையாமல் அப்படியே டிஸ்குக்கு வந்துவிடும். எம்பி3 அப்படி இல்லை. அதில் இடத்தை மிச்சப்படுத்த ஒரு பகுதி வெட்டப்படுகிறது.

அதனால சிடியா, ஃபைலா என்பதில் தரம் மாறாது. காதுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் ஸ்பீக்கரில்தான். அங்கே போக வேண்டிய பணத்தைப் பிளேயரில் போட்டுடாதீங்க.

சர்வர்னா பெரிய செலவா?

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாட்டு ஃபைல்களை வைத்திருந்து, வீட்டு வைஃபை வழியாக போனுக்கோ ஸ்பீக்கருக்கோ அனுப்பும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே போதும். ஒரு சிடி ஃபிளாக்கில் சராசரியாக 400 எம்பி என்று வைத்தாலும், 200 சிடிக்கு 80 ஜிபிதான். 1 டிபி டிஸ்க்கில் பாதி கூட நிறையாது.

ஆனா யாரும் சொல்லாத மூணு செலவு இதில் இருக்கு.

1. கரண்ட் பில். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருஷத்துக்கு:

- 60 வாட் பழைய டெஸ்க்டாப், 24 மணி நேரமும் ஓடினால்: சுமார் 4,200 ரூபாய்
- 20 வாட் லேப்டாப், 24 மணி நேரமும்: சுமார் 1,400 ரூபாய்
- ராஸ்ப்பெரி பை மாதிரி 5 வாட் குட்டி போர்டு: சுமார் 350 ரூபாய்
- 15 வாட் சிடி பிளேயர், தினம் 2 மணி நேரம்: 90 ரூபாய்க்குள்

"சும்மா கிடக்கிற டெஸ்க்டாப்தானே" என்று ஓட விட்டால், 5 வருஷத்தில் 21,000 ரூபாய் காலி. கேட்கும்போது மட்டும் ஆன் செய்தால் இந்தச் செலவு பெரும்பகுதி மிச்சம்.

2. உங்க நேரம். ரிப் செய்ய, பாட்டுப் பெயர் சரிபார்க்க என்று ஒரு சிடிக்கு 10 நிமிஷம் வைங்க. 200 சிடிக்கு 33 மணி நேரம். தினம் ரெண்டு சிடி போட்டால் மூணரை மாசத்தில் முடிஞ்சுடும்.

3. பேக்கப். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சாகும். அதனால டிஸ்க் ஒண்ணு இல்லை, ரெண்டு வாங்கணும். ரிப் முடிஞ்சதும் சிடிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க. அதுதான் உங்க மூணாவது காப்பி.

ரெடிமேட் பெட்டி வாங்கலாமா?

'ஸ்க்வீஸ்பாக்ஸ்' கதையைத் தெரிஞ்சுக்கோங்க. வீட்டு மியூசிக் சர்வர் உலகில் ரொம்பப் பிரபலமான கருவி. அதைத் தயாரித்த ஸ்லிம் டிவைசஸை 2006-ல் லாஜிடெக் வாங்கியது. 2012-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனா அதன் சர்வர் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ் என்பதால் 'லிரியன் மியூசிக் சர்வர்' என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கு, இலவசமாகவே. கம்பெனி கைவிட்டாலும், ஃபைல் உங்க கையில் பொதுவான ஃபார்மேட்டில் இருந்தால் நஷ்டம் பெட்டியோட போயிடும். ஸ்ட்ரீமிங்குக்கும் இதே கேள்வியைக் கேளுங்க: சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். அது வாடகை வீடு.

இஎம்ஐ போடலாமா?

கிரெடிட் கார்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும், வட்டித் தொகைக்கு 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் ஸ்டேட்மென்ட்டில் வரலாம். பாட்டுக் கேட்கிற ஆசைக்குக் கடன் வேண்டாம்.

அப்போ எது?

சிடி 50-க்குள்ள இருக்கு, ஒரு ஆல்பத்தை முழுசா உட்கார்ந்து கேட்பீங்க, கம்ப்யூட்டர் வேலை அலுப்பு என்றால் சிடி பிளேயரே போதும். அதையும் வாங்கும் முன் வீட்ல பழைய டிவிடி பிளேயர் இருக்கான்னு பாருங்க. சாதாரண ஆடியோ சிடி அதிலேயே ஓடும். செலவு பூஜ்யம்.

200 சிடி இருக்கு, போனிலும் ஹாலிலும் கேட்கணும் என்றால் சர்வர்தான். பழைய லேப்டாப், ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ், ரெண்டு டிஸ்க். இதுக்கு 12,000 ரூபாய் ஆகும்னு வைங்க. அந்த 30,000-ல் 18,000 மிச்சம். அதில் பாதியை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்க, மீதி எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்க கடை விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்க.

எதை வாங்கினாலும், முதல்ல அந்த 200 சிடியில் 10 சிடியை ரிப் பண்ணிப் பாருங்க. அந்த வேலை பிடிச்சிருந்தா மட்டும் அடுத்த ரூபாயை எடுங்க.