பெயர் பெறாத பல்கலைக்கழகம்

வன்னிப் பெருநிலத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் செல்வோர்க்கு ஆனையிறவே வாசல். இருமருங்கும் கடல்நீரேரி, நடுவே ஒடுங்கிய நிலம், முகத்தில் மோதும் உப்புக்காற்று. கோட்டையும் படையும் போருமே இவ்வாசலின் வரலாறு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இவ்வாசலுக்கு அப்பாலும் இப்பாலுமாக இரண்டு கல்விக் குடியிருப்புகளையும் நம் நாடு கண்டிருக்கிறது. ஒன்று, வடக்கே வட்டுக்கோட்டையில் 1823இல் தோன்றி 1855இல் மறைந்தது. மற்றொன்று, தெற்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் நம் கண்முன்னே வளர்ந்து வருவது. முன்னதன் கதையைப் பின்னதில் வாழ்வோர் அறிந்திருத்தல் நன்று.

சிறிய பல்கலைக்கழகம் ஒன்றின் உயிர் அதன் கட்டடங்களில் இல்லை; அங்கே மனிதர் கூடி வாழும் முறையில் இருக்கிறது. மார்ட்டின் லூதர் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக இருந்தபோது மாணவர் சிலர் அவருடைய இல்லத்திலேயே தங்கினர். உணவு வேளையில் அவர் பேசியவற்றையும் பாடமாகக் குறித்துக்கொண்டனர். அவர் வழிவந்த லூத்தரன் சபையார் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சென்னையிலுள்ள அச்சபையாரின் இறையியற் கல்லூரி இன்று ‘குருகுலம்’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது. மிகப் பொருத்தமான பெயர். குருவின் இல்லத்தில் உடனுறைந்து கற்பது நமக்கும் பழைய வழக்கம் அன்றோ? வட்டுக்கோட்டைக் கல்விக்கூடம் லூத்தரன் சபையாருடையதன்று. அமெரிக்க மிஷனரிமார் நிறுவியது. எனினும் அத்தகைய உடனுறைவுக் கல்வி ஈழத்தமிழ் மண்ணில் வேரூன்றிப் பயன் தந்த இடம் அதுவே.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அம்மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே பாழடைந்து கிடந்த பழைய தேவாலயத்தையும் அதைச் சார்ந்த கட்டடத்தையும் செப்பனிட்டுக் குடியேறினர். 1823இல் தமிழ் இளைஞருக்கென ஒரு கல்லூரி அமைக்கும் திட்டத்தை வெளியிட்டனர். தமிழிலக்கியம், ஆங்கிலம், சம்ஸ்கிருதம், கணிதம், வானியல் எனப் பல துறைகளை அத்திட்டம் தழுவி நின்றது. அந்நாளிலே கீழைத்தேசத்தில் இது சிறிய எண்ணமன்று. ஆயின் அரசாங்கம் அதற்குக் கல்லூரி என்ற தகுதியை வழங்க இசையவில்லை. ஆகவே ‘செமினறி’ என்ற எளிய பெயரோடு அது நடைபெறலாயிற்று. பெயரைத்தான் மறுக்க முடிந்தது. பணியை மறுக்க முடியவில்லை.

முதல் அதிபர் டானியல் பூவர். அவர்முன் வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளைகள். மிஷன் வளவுக்குள் உண்பது ஆசாரத்துக்கு இழுக்கு என்று தொடக்கத்திலே அவர்கள் எண்ணினர். வளவுக்கு வெளியே தனியாக உணவருந்தினர். கல்வியில் இணைந்தவர்களைச் சோறு பிரித்து வைத்தது. மாணவருட் பலருக்கு, அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். ஈன்றோர் இட்ட பெயரின்மேல் அயலார் பெயரைச் சுமந்து நின்ற அப்பிள்ளைகளின் உள்ளத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதி வேலியும் அங்கே முற்றாக அகன்றுவிடவில்லை. மகளிர்க்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கென உடுவிலில் 1824இல் தனிப் பாடசாலை எழுந்தது. குறையற்ற சமுதாயம் என்று அதனைப் புகழ்வது உண்மையாகாது.

ஆயினும் கூடி வாழ்தல் இருதிறத்தாரையும் மெல்ல மெல்ல மாற்றிற்று. 1829 மார்ச் மாதத்தில் ஒரு சந்திரகிரகணம் நிகழ்ந்தது. அராலியிலே பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்து வந்தவர் விசுவநாத சாஸ்திரியார். கிரகணம் தொடங்கும் நேரத்திலும் மறைபடும் அளவிலும் அவருடைய கணிப்பும் செமினறியின் கணிப்பும் வேறுபட்டன. ஊரெங்கும் அதுவே பேச்சாயிற்று. அன்றிரவு வானம் செமினறியின் பக்கமே சாட்சி சொல்லிற்று. பூவருக்கு அது பெரும் வெற்றி. மேலைநாட்டு விஞ்ஞானத்தின்மேல் மாணவருக்கு மதிப்பு உயர்ந்தது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது வென்றவர் தோற்றவர் கதையாக நின்றுவிடும். பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்ரன், மாணவர்க்குக் கற்பித்த அதே வளவிலே தாமும் மாணவராய் அமர்ந்தார். இந்துக்களின் வானியலை முறையாகக் கற்று 1848இல் அதனை நூலாக்கி வெளியிட்டார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றன. சைவத்தை மாற்ற வந்தவர் சைவ சித்தாந்தத்தை அமெரிக்க அறிஞர்க்கு எடுத்துரைத்தார்! கற்பிக்க வந்தவரையும் கற்க வைப்பதே பல்கலைக்கழகத்தின் இலக்கணம்.

மாணவர்களோ ஆசிரியரின் அச்சிலே வார்த்த பதுமைகளாகவில்லை. கறோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதினார். அவரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இருவரும் பிற்காலத்தில் சைவத்துக்கே மீண்டனர். ஏட்டிலே செல்லரித்துக்கொண்டிருந்த தொல்காப்பிய உரைகள், வீரசோழியம், கலித்தொகை ஆகியவற்றைத் தாமோதரம்பிள்ளை அச்சேற்றினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே நின்று 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றி, தமிழ்ப் புலவர் நானூற்றுவருக்கு மேற்பட்டோரின் வரலாற்றைத் தொகுத்தார். 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களும் செமினறி மாணவரே. வெவ்வேறு வழி சென்ற இவர்களை ஒன்றாக்கியது சமயமன்று. பிழையறக் கற்று, ஆராய்ந்து, தமிழில் எழுதும் பழக்கம்.

1855இல் அமெரிக்காவிலிருந்து தூதுக்குழு ஒன்று வந்தது. ஆங்கிலக் கல்வி இளைஞரை அரசாங்க உத்தியோகத்துக்கே ஈர்க்கிறது, சமயப்பணிக்கு வருவோர் குறைவு என்று கண்டது, செமினறி மூடப்பட்டது. பூவரும் அவ்வாண்டிலேயே மானிப்பாயில் வாந்திபேதியால் மாண்டார். போதகர் தொகையைக் கொண்டு அளந்தவர்களுக்கு அது தோல்வி. அக்கல்வியின் அருமையை மறவாத யாழ்ப்பாணத்தார் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழக் கண்டனர்.

இனி ஆனையிறவைக் கடந்து தெற்கே நோக்குவோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. போர் உழுது போட்ட மண்ணிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கிருந்து பயில்கின்றனர். எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் உத்தியோகம் பெற்றனர் என்ற கணக்கு ஆண்டுதோறும் கேட்கப்படும், கேட்கப்படவும் வேண்டும். அதனோடு வேறொரு கணக்கும் உண்டு. ஒருவர் மொழியை மற்றவர் கற்றனரா? ஒரு பந்தியில் இருந்து உண்டனரா? அயலிலுள்ள வயலையும் குளத்தையும் அங்கே வாழும் மக்களையும் ஆசிரியர்கள் பாடமாகக் கொண்டனரா? வட்டுக்கோட்டை முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தது. அதன் பயனைத் தமிழ் இன்றும் நுகர்கிறது. அறிவியல் நகருக்கு அதனினும் நெடிய ஆயுள் வாய்க்கட்டும். அதனினும் அகன்ற பந்தியும் வாய்க்கட்டும்.